மழைக்காலம் இல்லாத கணக்கு: குதிரேமுக மலையும் இரும்புச் சுரங்கமும்

வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கதி நன்றாகத் தெரியும். எந்த மாதத்துப் பேரேட்டைப் புரட்டுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் லாபமும் நட்டமும் தெரியும். தீபாவளி மாதத்தை விட்டுவிட்டு ஒரு ஜவுளிக்கடையின் ஐந்தொகையைப் போட்டால் அது கணக்கே அல்ல. காட்டை ஒட்டிச் சுரங்கம் தோண்டும்போது எழுதப்படும் 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' என்னும் கணக்கிலும் இந்தக் கோளாறு உண்டு. நாம் பிழைக்க வந்து வேரூன்றிவிட்ட இந்தக் கர்நாடக மண்ணிலேயே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

சிக்கமகளூர் மாவட்டத்து மேற்குத் தொடர்ச்சி மலையில், சுமார் 1,890 மீட்டர் உயரத்தில் நிற்கிறது குதிரேமுகம். சிகரம் குதிரையின் முகம்போல் தெரிவதால் வந்த பெயர். மேலே புல்வெளி, பள்ளத்தாக்குகளில் சோலைக்காடு. துங்கா, பத்திரா, நேத்ராவதி ஆகிய மூன்று ஆறுகளும் இந்த மலைத்தொடரில்தான் பிறக்கின்றன. மழையோ ஆண்டுக்குச் சுமார் 7,000 மில்லிமீட்டர். அதாவது சென்னையில் பெய்வதைப்போல் ஐந்து மடங்கு. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும்.

அந்தப் புல்வெளிக்கு அடியில் இரும்புத் தாது. 1976இல் இதற்கென மத்திய அரசு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. தாது ஈரானுக்கு என்று ஒப்பந்தம்; 1979இல் அங்கே புரட்சி வந்ததும் வேறு வாடிக்கைக்காரரைத் தேட வேண்டியதாயிற்று. 1980களின் தொடக்கத்தில் ஏற்றுமதி நடந்தது. தாதுவைப் பொடித்து, நீரில் கரைத்து, 67 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே மங்களூருக்கு அனுப்பினார்கள். கழிவு மண்ணைத் தேக்க லக்கியா அணை கட்டப்பட்டது.

இதே காட்டில் வாழ்வது சிங்கவால் குரங்கு. சோலைமந்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக இல்லை. மரத்தின் உச்சியிலேயே காலம் தள்ளும், அபூர்வமாகத்தான் தரையில் இறங்கும். ஆகவே காட்டின் நடுவே ஒரு அகலமான ரோடு போட்டாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடலாம். குட்டி ஈனுவதும் நீண்ட இடைவெளி விட்டுத்தான். குறைந்த எண்ணிக்கை சீக்கிரம் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு முதல் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு. 1983–84இல் உல்லாஸ் கரந்த் கர்நாடகக் காடுகளில் இக்குரங்கைப் பற்றி நடத்திய ஆய்வை அடிப்படையாகக் கொண்டே, 1987இல் குதிரேமுகம் தேசியப் பூங்கா ஆயிற்று. சுரங்கம் முந்தியது, பூங்கா பிந்தியது. தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய அறிவிக்கை வந்ததோ 1994இல்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1994 அறிவிக்கையின்படி 'துரித மதிப்பீடு' என்று ஒன்று செய்யலாம். ஒரே ஒரு பருவத்தின் விவரம் போதும், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவம். 2006இல் புது அறிவிக்கை வந்தது. அதன்கீழ்ச் சுரங்கங்களுக்கு வகுக்கப்பட்ட பொது விதிமுறையிலும் காற்று, நீர், மண், தாவரம், விலங்கு ஆகியவற்றின் அடிப்படை விவரத்துக்கு மழையில்லாத ஒரு பருவமே போதும் என்றிருக்கிறது. குதிரேமுகத்தில் மார்ச் மாதம் ஆற்று நீரை மொண்டு பார்த்தால் எப்படி இருக்கும்? தெளிவாகத்தான் இருக்கும்! தோண்டிப்போட்ட மண் கரைந்து இறங்குவது ஜூலையில் அல்லவா?

இதை மழைக்காலத்திலேயே அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பத்திரா ஆற்றில், சுரங்கத்தின் பாதிப்பு உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் நீரின் கலங்கலை ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வெளியாயிற்று. நீர்ப்பிடிப்புப் பரப்பில் சுரங்கத்தின் பங்கு சிறியது. ஆற்றில் வந்த மண்ணிலோ அதன் பங்கு மிகப் பெரியது. அந்த நுண்ணிய வண்டல் கூழாங்கற்களின் இடுக்கை அடைத்தால், அங்கே வாழும் பூச்சிகளுக்கும் மீன் முட்டைகளுக்கும் இடமில்லை. மீன் குறைந்தால் நீர்நாய்க்கு இரை இல்லை.

தூரக் கணக்கும் இப்படித்தான். சுரங்க எல்லையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டரை ஆராய்வது வழக்கம். ஆறு பத்து கிலோமீட்டரோடு நின்றுவிடுமா? பத்திரா கீழே ஓடி, நம்மவர்கள் ஏராளமாக வாழும் பத்ராவதி ஊரைத் தொட்டுச் செல்கிறது. அதற்கு மேலே உள்ள பத்திரா அணையைச் சுற்றியிருப்பது புலிகள் காப்பகம்.

30 ஆண்டுக் குத்தகை 1999இல் முடிந்தது. நீட்டிப்பை எதிர்த்து வழக்கு நடந்தது. 2002 அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றம், 2005 இறுதிக்குள் சுரங்கத்தை மூட உத்தரவிட்டது, அப்படியே மூடப்பட்டது. அதை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அது பெரிய அடி, அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் கழிவு மண்ணைத் தாங்கும் லக்கியா அணை இன்றும் அங்கேதான் நிற்கிறது. தாது விற்ற வரவு நின்றுபோயிற்று, அணையைக் காக்கும் செலவு நிற்கவில்லை. தொடக்கத்திலேயே இந்தச் செலவை ஐந்தொகையில் எழுதியிருக்கணுமா, இல்லையா?

2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேசியப் பூங்கா, சரணாலயங்களுக்குள்ளும் அவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம் கூடாது என்று உறுதி செய்தது. நல்லது. ஆனால் அதற்கு அப்பால் வரும் திட்டங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கைதான் காவல்.

அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டிய திட்டங்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தரணும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்கணும். நமக்குக் கன்னடம் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாற்றம் என்றாலும், பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் கடகடவென்று படித்துச் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான். எந்த மாதத்தில் அளந்தீர்கள்? ஆறு போகும் தூரம்வரை பார்த்தீர்களா? சுரங்கம் இல்லாத இடத்தோடு ஒப்பிட்டீர்களா? மூடிய பிறகு காப்பதற்கு யார் பொறுப்பு?

குடிக்கும் தண்ணீரைக் கொடுக்கும் ஊர் நம் ஊர். அதன் கணக்கைக் கேட்க, பிறந்த ஊர் எது என்று யாரும் பார்ப்பதில்லை.