3 நிமிஷத்தில் மூச்சு வாங்குதா? சிலம்பம், கராத்தே பழகுபவர்கள் ஓட ஆரம்பிப்பது எப்படி

மதுரை:

சிலம்பம், கராத்தே, குத்துச்சண்டை என்று மதுரையில் தற்காப்புக் கலை பழகும் வாலிபர்களுக்குக் குறைவே இல்லை. மொட்டை மாடி, பள்ளிக்கூட மைதானம், கோவில் திடல் என சாயங்காலம் ஆனால் கம்பு சுற்றும் சத்தம் கேட்கும். பகலில் லோடு ஏற்றிவிட்டு, ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு வந்து பழகுபவர்கள்தான் இதில் பாதிப் பேர்.

ஆனால் ஜோடி போட்டு மோத விட்டால் கதை வேறு. அடி, தடுப்பு, உதை எல்லாம் கையில் இருக்கும். 2 நிமிஷம் போனதும் நாக்கு தள்ளிவிடும். கை தானாகக் கீழே இறங்கும். எதிராளி அந்த நேரம் பார்த்துத்தான் அடிப்பான்.

இது திறமைக் குறைவு அல்ல. மூச்சுக் குறைவு.

காரணம் என்ன?

பாய்ந்து உதைக்கவும், ஓங்கி குத்தவும் உடம்பு தன் கைவசம் இருக்கும் அவசர சக்தியை எடுக்கிறது. அது சில விநாடிகளில் தீர்ந்துவிடும். அதைத் திரும்ப நிரப்புவது ரத்தத்தில் வரும் ஆக்சிஜன்தான். இதயமும் நுரையீரலும் பலமாக இருந்தால் சீக்கிரம் நிரம்பும், இல்லாவிட்டால் மூச்சு வாங்கும். டேக்வாண்டோவில் 2 நிமிஷம் வீதம் 3 சுற்று. குத்துச்சண்டையில் 3 நிமிஷம் வீதம் 3 சுற்று. நடுவில் ஓய்வு 1 நிமிஷம் மட்டுமே. அந்த ஒரு நிமிஷத்தில் யாருக்கு மூச்சு திரும்புகிறதோ, அவருக்குத்தான் அடுத்த சுற்று.

அதனால்தான் குத்துச்சண்டை வீரர்கள் அந்தக் காலத்தில் இருந்தே ஓட்டத்தை விடுவதில்லை. முகமது அலி அதிகாலையில் கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடியவர். அதைப் பார்த்து முதல் நாளே பூட்ஸ் மாட்ட வேண்டாம். அவர் சாம்பியன், நாம் இப்போதுதான் ஆரம்பிக்கிறோம்.

முதல் மாதம்

எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றுதான். முதல் நாளே வெறியோடு 5 கிலோ மீட்டர் ஓடுவது, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிப்பது, அதோடு ஓட்டத்துக்கு முழுக்குப் போடுவது.

வாரத்தில் 3 நாள் போதும். 1 நிமிஷம் மெதுவாக ஓட்டம், 2 நிமிஷம் நடை. இப்படி 8 தடவை செய்தால் 24 நிமிஷம் ஆகிவிடும். 2 வாரம் கழித்து ஓட்டத்தை 2 நிமிஷம் ஆக்கி, நடையை 1 நிமிஷமாகக் குறைக்கலாம். 2 மாதத்தில் நிற்காமல் 20 நிமிஷம் ஓட வந்துவிடும். சிலருக்குக் கூட ஒரு மாதம் ஆகும், தப்பில்லை.

வேகத்துக்கு வாட்ச் தேவையில்லை. பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு திக்கினால் வேகம் ஜாஸ்தி. பொடிசுகளும் பெரிசுகளும் நம்மை முந்திப் போகும்போது ரோஷம் வரும். வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வண்டியூர் தெப்பக்குளம் சுமார் 305 மீட்டர் நீளம், 290 மீட்டர் அகலம். சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 1.2 கிலோ மீட்டர். கணக்குப் போட்டு ஓட இதைவிட வசதி வேண்டாம். ஆனால் வண்டிகள் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும். ரோட்டில் ஓடுவதானால் வண்டி எதிரே வரும் பக்கமாக ஓடுவது நல்லது, வருவது கண்ணுக்குத் தெரியும்.

தெரு நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி மெதுவாக நடக்க வேண்டும். ஓடினால் இன்னும் துரத்தும். சிலம்பக்காரர் என்று கம்பை ஓங்க வேண்டாம். கடித்துவிட்டால் சோப்பு போட்டு 15 நிமிஷம் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும்.

முழங்கால், முன்னங்கால் ஜாக்கிரதை

உதைப் பயிற்சியில் ஏற்கனவே கால் களைத்திருக்கும். அதோடு ஓட்டமும் சேர்ந்தால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பை ஒட்டி வலி எடுக்கும். லேசான வலி என்றால் சில நாள் ஓய்வு கொடுத்தால் அடங்கும். ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுரீர் என்றால் எலும்பில் கீறல் இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கிளாசுக்குப் போகும் முன்பு ஓடிவிட்டுப் போகக் கூடாது. களைத்த காலில் காலடி தவறும். சாயங்காலம் கிளாஸ் என்றால் ஓட்டம் காலையில். மோதல் பயிற்சி கடுமையாக இருந்த மறுநாள் ஓட்டமே வேண்டாம். நைட் ஷிப்ட் முடித்து தூங்காமல் ஓடுவதும் வீண்.

அடிப்பாகம் தேயாத ஷூ இருந்தால் சரி. விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்று கடன் வாங்க வேண்டியதில்லை. ஓடி முடித்ததும் வெறும் டீயும் வடையும் பத்தாது. முட்டை, சுண்டல், கேப்பைக்கூழ், உப்பு போட்ட மோர் எல்லாம் நம்ம ஊரிலேயே கிடைக்கிறது.

பிளாஸ்டிக் கோட்டு ஆபத்து

போட்டிக்கு எடை பார்க்கும் முன் 3, 4 கிலோ குறைக்க, பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடும் பழக்கம் இருக்கிறது. தண்ணீரும் குடிப்பதில்லை. சுத்த முட்டாள்தனம். அதில் குறைவது கொழுப்பு இல்லை, உடம்பில் உள்ள தண்ணீர்.

அமெரிக்காவில் 1997-ம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் மட்டும் 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் கோட்டுக்குத் தடை வந்தது. அங்கே அது குளிர் காலம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஓடும்போது தலை சுற்றி, பேச்சு குளறி, தள்ளாடினால் அது வெறும் களைப்பு இல்லை. நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்க குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். கூடவே 108-க்கு போன் செய்ய வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, புரை ஏறிவிடும்.

நெஞ்சு வலி, ஓடும்போது மயக்கம், வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்திருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டரைப் பார்த்து இ.சி.ஜி. எடுத்த பிறகே ஓட்டம்.

போலீஸ் வேலைக்கும் உதவும்

2 மாதம் மெதுவாக ஓடிப் பழகிய பிறகு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேக ஓட்டம் சேர்க்கலாம். 2 நிமிஷம் வேகம், 1 நிமிஷம் நடை, 4 அல்லது 5 தடவை. போட்டி நேரக் கணக்கு இதில் அப்படியே வந்துவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. தமிழக போலீஸ் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் டிராக்கில் மூணே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 1 நிமிஷம் 52 விநாடி கிடைக்கும். கம்பு சுற்றத் தெரிந்தும் இந்த ஓட்டத்தில் கோட்டை விடுபவர்கள், அறிவிப்பு வந்த பிறகு ஓட ஆரம்பிப்பவர்கள்தான்.