நம்ம வீட்டுத் திண்ணையிலேயே கணக்கு டியூஷன்



குழுக் கூட்டங்களுக்கு வரும்போதெல்லாம் அம்மாக்கள் சொல்லும் ஒரு குறை: "எம் புள்ளைக்குக் கணக்குதான் வரமாட்டேங்குது." அதே குழுவில் பத்தாவது, பிளஸ் டூ முடித்த சகோதரிகளும் இருக்கிறார்கள். "நீங்கள் சொல்லிக்கொடுக்கலாமே?" என்று கேட்டால், "எனக்கே கணக்கு வராது சார்" என்று சிரிக்கிறார்கள். வட்டிக் கணக்கை மனதிலேயே போடுகிறவர்கள் சொல்லும் பதில் இது! நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் 5,000-க்கு 50 ரூபாய், வருடத்துக்கு 600. இதைத்தான் பாடப்புத்தகம் சதவீதம், தனிவட்டி என்கிறது.

யாருக்கு எடுப்பது?

முதலில் 3, 4, 5-ம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து அல்லது ஆறு பேர் போதும். பத்தாம் வகுப்புக்கு இப்போதே போக வேண்டாம். சின்ன வகுப்பில் கழித்தல் புரியாத பிள்ளை எட்டாவது வரை எப்படியோ வந்துவிடும். பத்தாவது பரீட்சையில்தான் மாட்டிக்கொள்ளும். அதோடு சில பிள்ளைகளுக்குப் படிப்பே நின்று போகிறது என்பது நமக்குத் தெரியாததா?

முதல் நாள் என்ன செய்வது?

புத்தகத்தைத் திறக்காதீர்கள். பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதுதான் முக்கியம். சிலேட்டில் இதைக் கொடுத்துப் பாருங்கள்:

1. முந்நூற்று ஐந்து என்று எழுதச் சொல்லுங்கள். 3005 என்று எழுதினால் இடமதிப்பு தெரியவில்லை.
2. 52-ல் 27 போனால் எவ்வளவு? 35 என்றால் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. 2-ல் 7 போகாது என்பதால் 7-ல் 2-ஐக் கழித்திருக்கிறது.
3. அரை பெரிதா, கால் பெரிதா? "கால்தான் பெரிசு, 4 இருக்குல்ல" என்றால் பின்னம் புரியவில்லை.

விடை தப்பென்று அடித்துவிடாமல், "எப்படிப் போட்டே கண்ணு?" என்று கேளுங்கள். எங்கே குழப்பம் என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும்.

எப்படிப் புரிய வைப்பது?

பத்துப் பத்துத் தீக்குச்சியாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டு கட்டுங்கள். 52 என்றால் 5 கட்டு, 2 உதிரி. 7 உதிரி எடுக்க வேண்டும், இருப்பது இரண்டுதான். ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். இப்போது 4 கட்டு, 12 உதிரி. அதில் 7 எடுத்தால் 5 உதிரி. 2 கட்டு எடுத்தால் 2 கட்டு. விடை 25. கட்டைப் பிரிப்பதுதான் 'கடன் வாங்குவது'. கையால் நாலைந்து முறை செய்த பிறகு சிலேட்டில் எழுத வையுங்கள். வாய்ப்பாட்டுக்குப் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்குங்கள். பின்னத்துக்கு ஒரு தோசையைப் பிய்த்துக் காட்டினாலே போதும்.

என்ன தேவை?

ஒரு சிறு கரும்பலகை, சாக்பீஸ், பாய், நல்ல விளக்கு. இதற்குப் பெரிய கடன் வாங்க வேண்டாம். மாலை 6 மணி முதல் 7.30 வரை போதும். பள்ளியில் என்ன பாடம் நடக்கிறது என்று டீச்சரிடம் கேட்டு, அதோடு சேர்த்துப் போங்கள்.

பணம் பேசுவது எப்படி?

நம்ம ஊர்க்காரர்தானே என்று கூச்சப்பட்டுச் சும்மா எடுத்தால் இரண்டு மாதத்தில் சலித்துவிடும். முதல் நாளே பேசிவிடுங்கள். உதாரணமாக 6 பிள்ளைகள், தலைக்கு மாதம் 150 ரூபாய் என்றால் 900 ரூபாய். முடியாத வீட்டுப் பிள்ளை ஒன்றை இலவசமாகச் சேர்ப்பது உங்கள் விருப்பம். டியூஷன் பணத்தைக் குழுச் சேமிப்போடு கலக்காமல் தனி நோட்டில் எழுதுங்கள்.

கவனிக்க வேண்டியவை

• அடிக்கவோ திட்டவோ கூடாது. பயந்த பிள்ளைக்குக் கணக்கு ஏறாது.
• திண்ணையிலோ, கதவு திறந்த அறையிலோ எடுங்கள். இருட்டிய பின் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.
• தெரியாத கணக்கு வந்தால் "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லி, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை.
• பள்ளி ஆசிரியராக வேலை பார்ப்பவர் தனி டியூஷன் எடுப்பதை 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. ஆசிரியர் வேலையில் இல்லாத நமக்கு அந்தத் தடை இல்லை.

மூன்று மாதம் கழித்து அதே மூன்று கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். முதல் நாள் எழுதியதைத் தேதி போட்டு எடுத்து வைத்திருந்தால் அம்மாவிடம் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். அடுத்த பிள்ளையைக் கூட்டிவர அதுவே போதும்.

வரும் கூட்டத்தில், "நம்ம குழுவில் யார் டியூஷன் எடுக்கலாம்?" என்று ஒருமுறை பேசிப் பாருங்கள், சகோதரிகளே!