வெட்டாற்று முகத்துவாரத்தில் ஜனநெருக்கம்: மீன் பிடிப்போர் அறிய வேண்டிய உரிமைகளும் அபாயங்களும்

தென்பெரம்பூரில் வெண்ணாற்றினின்று பிரிந்து, வழிநெடுக வயல்களுக்கு நீரை ஈந்துவிட்டு, எஞ்சிய பிரவாகத்தோடு நாகூரில் கடலை அடையும் வெட்டாறு, தன் கடைசித் தூரத்தில் நன்னீரும் உப்புநீரும் மாறி மாறி ஆட்சி செய்யும் முகத்துவாரமாக இருப்பதால், மடவையும் கொடுவாவும் இறாலும் அங்கே கூடுகின்றன. மீன் கூடும் இடத்தில் மனிதரும் கூடுவது இயற்கை. பட்டினச்சேரி மீனவருக்கு அது படகு போய்வரும் பாதை. வீச்சுவலைக்காரருக்கு அன்றன்றைய ஜீவனம். மாலைவேளையில் தூண்டிலோடு வரும் கடைக்காரருக்கும் கல்லூரி மாணவருக்கும் அது ஓர் இளைப்பாறுதல். மூவரும் ஒரே நேரத்தில் ஒரே கரையில் நிற்கும்போது எவருக்கு என்ன பாத்தியதை உண்டு, எதனால் உயிருக்கு ஆபத்து, தகராறு மூண்டால் எங்கே போய் முறையிடுவது என்ற மூன்று வினாக்களும் எழுகின்றன. இவற்றுக்கு விடை தெரியாமையினாலேயே பல கரைகளில் பலசாலியின் சொல்லே சட்டமாக நடக்கிறது.

இந்த நெருக்கம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட்டு, சில தினங்களில் கல்லணையும் திறக்கப்பட்டு, புதுத்தண்ணீர் கடைமடையை எட்டும்போது ஒரு கூட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் கடலுக்குள் பாயும்போது ஒரு கூட்டம். ஜனவரி 28-ஆம் தேதியை ஒட்டி மேட்டூர் மூடப்பட்டு, ஆற்றில் ஓட்டம் நின்று, மடுக்களிலும் மதகுகளின் அடியிலும் மீன்கள் அகப்பட்டுக் கொள்ளும்போது எல்லாவற்றினும் பெரிய கூட்டம். இவற்றோடு, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் காலத்தில், கடல் மீனின் விலை ஏற, முகத்துவாரத்தை நாடுவோர் தொகையும் ஏறுகிறது.

மீன் ஒரு பருவத்தில் திரண்டு வருவதும், அதைத் தொடர்ந்து மனிதர் திரள்வதும் உலகெங்கும் உள்ள விஷயம். வட பசிபிக் சமுத்திரத்தில் வாழும் இளஞ்சிவப்புச் சால்மன் என்னும் மீன், பிறந்து இரண்டே ஆண்டுகளில் முட்டையிடுவதற்காக ஆற்றுக்குத் திரும்புவது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஆறுகளில் அது ஒற்றைப்படை ஆண்டுகளிலேயே பெருந்திரளாக ஏறுவதால், அந்தச் சில வாரங்களில் தூண்டில்காரர்கள் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். நம் காவிரிக்கும் அத்தகைய மீன் ஒன்று இருந்தது. உல்லம் என்று நம்மவர் அழைக்கும் அந்த மீன், வங்கக் கடலிலிருந்து வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் வழியாக மேலேறி முட்டையிட்டு வந்தது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுந்ததும், 1934-இல் மேட்டூர் அணை நிறைவெய்தியதும், அதன் வழியை அடைத்துவிட்டன. வரும் மீன் குறைந்து, பிடிக்க வரும் மனிதர் பெருகியிருக்கும் நம் காலத்தில், கரையோர ஒழுங்கு என்பது முன்னெப்போதையும்விட அவசியமாகிறது.

முதலில் உரிமையைப் பார்ப்போம். கடலின் ஏற்றமும் வற்றமும் எட்டுகிற, படகு செல்லக்கூடிய நீரில் மீன் பிடிப்பது பொதுஜனங்களின் உரிமை என்பதும், அரசாங்கம் தக்க முறையில் ஒருவருக்குத் தனியுரிமை அளித்திருந்தாலன்றி அந்த உரிமை பறிபோகாது என்பதும் இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுவந்த கொள்கை. ஆகவே, முகத்துவாரத்துக் கரையில் நிற்பவரைப் பார்த்து, 'இது எங்கள் இடம், போ' என்று வெறும் வாய்மொழியாகச் சொல்லும் அதிகாரம் எவருக்கும் இல்லை. உள்நாட்டிலோ நிலைமை வேறு: ஏரிகளும் குளங்களும் மீன்பாசி ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகின்றன, குத்தகை எடுத்தவருடைய நீரில் அனுமதியின்றி வலை வீசுவது குற்றமாகக்கூடும். ஆற்றிலும் சில பகுதிகள் மீன்வளத் துறையின் குத்தகைக்கோ உரிமச் சீட்டுக்கோ உட்பட்டிருக்கலாம் என்பதால், புதிய இடத்துக்குப் போகுமுன் விசாரித்துக்கொள்வது நன்று.

ஆனால் குத்தகை என்று சொல்லுவதாலேயே குத்தகை ஆகிவிடாது. சிலிகா ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைப் பழைய ஜமீன்தாரிடமிருந்து வாய்மொழியாகப் பெற்றிருந்த சிலர், ஜமீன் ஒழிந்தபின் ஒரிஸா அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தபோது, நீரிலிருந்து மீனைப் பிடித்து எடுத்துச் செல்லும் உரிமை அசையாச் சொத்தின் தன்மை உடையது, 100 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள அத்தகைய உரிமை எழுதிப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று 1955-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, குத்தகைதாரர் என்று ஒருவர் வந்து நின்றால், ஆவணத்தைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்பது கரையில் நிற்கும் எவருக்கும் உரியது. அவர் காட்டாவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு எழுதி, அந்த நீர்ப்பகுதி யாருக்கு, எந்தத் தேதி வரை, என்ன எல்லைகளுடன் விடப்பட்டிருக்கிறது என்று கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அலுவலரின் கடமை.

பொது உரிமை இருக்கிறது என்பதனால், ஒருவர் நின்ற இடம் அவருக்கே நிரந்தரமாகச் சொந்தம் என்றும் ஆகாது. பொது நீரில் மனிதனுக்கு உள்ளது முறையே அல்லாமல் இடம் அன்று என்பது என் துணிபு. இதை நம் மீனவச் சமூகங்கள் சட்டப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. பழவேற்காடு ஏரியில் இறால் வரும் நல்ல இடங்கள் சிலவே என்பதை உணர்ந்த மீனவக் கிராமங்கள், பாடு என்ற பெயரால் ஓர் ஏற்பாட்டை வகுத்து, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, நல்ல இடமும் சுமாரான இடமும் சுழற்சியாக எல்லோருக்கும் கிடைக்கும்படி தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்திருக்கிறார்கள். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்கு இத்தகைய முறை உண்டு. பாடு ஏற்பாட்டிலும் குறை உண்டு. சில சமூகத்தாருக்கு மட்டும் இடமளித்துப் பிறரை விலக்கிய வரலாற்றை மறைப்பதற்கில்லை. எனினும் நெருக்கத்துக்கு மருந்து விரட்டுவதன்று, முறை வைப்பதே என்னும் அதன் உள்ளக்கருத்து, வெட்டாற்றங்கரைக்கும் பொருந்துவதே.

அந்த முறையை எழுதிவைக்க ஆள் இல்லாத கரையிலும் சில எளிய வழக்கங்கள் நெருக்கத்தைத் தாங்கும். முன்பே நிற்பவரிடம், 'நானா, இந்தப் பக்கம் நான் போட்டுக்கொள்ளட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டு நிற்பவருடன் எவரும் சண்டைக்கு வருவதில்லை. நரம்பை நேர் எதிரே எறிய வேண்டுமேயன்றி, பக்கத்து ஆளின் நரம்புக்குக் குறுக்கே எறியலாகாது. ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டி அவர் கரையோரம் நடக்க நேர்ந்தால், அண்டையில் உள்ளோர் தம் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். வீச்சுவலைக்காரர் வலை விரியும் வட்டத்துக்குள் தூண்டில்காரர் நிற்கலாகாது, வலைக்காரரும் நான்கு தூண்டில்கள் கிடக்கும் இடத்தில் வலையை விரிக்கலாகாது. படகு வருகிறபோது, 'தம்பி, நரம்பை இழுத்துக்கோங்க' என்ற குரல் கேட்டவுடன் இழுத்துவிடுவது மரியாதைக்காக மட்டுமல்ல. இயந்திரத்தின் காற்றாடியில் சுற்றிக்கொண்ட நைலான் நரம்பு, அலை மோதும் முகத்துவாரத்தின் நடுவே படகை நிறுத்திவிடும். உள்ளே இருப்பவர் உயிர் அந்தக் கணத்தில் கரையில் நிற்பவனின் கையில் இருக்கிறது. பொழுதுபோக்குக்கு வந்தவன், பிழைப்புக்கு வந்தவனுக்கு முதலிடம் தர வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதப்படாவிட்டாலும் அதுவே தர்மம்.

இனி அபாயங்கள். கூட்டத்தில் முதல் ஆபத்து, பின்னால் பார்க்காமல் வீசப்படும் தூண்டில் முள். சாலைப் பாலத்தின் மேல் நின்று வீசுகிறவர்கள், முள் பின்புறம் போகும்போது இருசக்கர வாகனத்தில் வருகிறவர் முகத்தில் பாயக்கூடும் என்பதை நினைப்பதே இல்லை. பாலத்தின் மேல் தூண்டில் போடுவதை அறவே விட்டுவிடுவதே நன்று. முள் கண்ணில் பட்டால், அதை எடுக்க முயலாமல், கண்ணை அழுத்தாமல் மூடி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தசையில் பாய்ந்த முள்ளுக்கும் தனுர்வாயுத் தடுப்பூசி அவசியம். கெளுத்தியின் முள்ளோ திருக்கையின் வால்முள்ளோ குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடுள்ள வெந்நீரில் அந்த அங்கத்தை அமிழ்த்தி வைத்தால் அந்த நஞ்சின் வேதனை தணியும்; பிறகு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அதனினும் பெரிய ஆபத்து தண்ணீரே. மதகின் அடியில் தேங்கிய மீனைப் பிடிக்க இறங்கியவர்கள், மேலே கதவு உயர்த்தப்படும்போது ஓடிவரும் நீரை எதிர்பார்ப்பதில்லை. எச்சரிக்கை ஒலிக்கும்போது வலையை மீட்டுக்கொண்டு வரலாம் என்று தாமதிப்பவருக்கே ஆபத்து. காவிரி, கொள்ளிடப் படுகைகளில் மணல் அள்ளிய பள்ளங்கள், முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும் ஆழமாக இருக்கின்றன. முகத்துவாரத்திலோ, வற்றம் வாங்கும் நேரத்தில் ஆற்று நீரும் சேர்ந்து கடலை நோக்கி இழுக்கும் வேகத்தை நல்ல நீச்சல்காரரும் எதிர்த்து நிற்க முடியாது. ஒருவர் மூழ்கினால் கூட்டமே குதித்துவிடுவது நம் ஜனங்களின் இரக்கத்தைக் காட்டுகிறது. ஆயினும் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மாண்ட துயரங்கள் மிகப் பல. கயிறு, மூடி இறுகிய காலி பிளாஸ்டிக் கேன், நீண்ட கழி, முடிந்துகட்டிய வேட்டிகள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கரையில் நின்றபடி எறிவதே அறிவுடைமை. அதே சமயத்தில் ஒருவர் 108-க்கோ 112-க்கோ தகவல் சொல்ல வேண்டும்; கடலுக்குள் இழுக்கப்பட்டவருக்காகக் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணும், வெள்ள காலத்தில் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணும் உள்ளன.

மின்சாரம் பாய்ச்சியும், வெடி வைத்தும், விஷம் கலந்தும் மீன் பிடிப்போரைப் பற்றிப் பொறுமையாக எழுத என்னால் இயலவில்லை. வெடியும் விஷமும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தாலேயே குற்றமாக்கப்பட்டவை. மேலே செல்லும் மின்கம்பியில் கொக்கி போடுவது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி மின்திருட்டு. பலர் இடுப்பளவு நீரில் நிற்கும் நெருக்கமான மடுவில் ஒருவன் மின்கம்பியை இறக்குவது, மீனுக்கு விரித்த வலையில் மனிதரையும் சேர்த்துப் பிடிப்பதேயாகும். அதைக் கண்டவுடன் எல்லோரும் கரையேறி, போலீசாருக்கும் மின்வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். நீரில் துவண்டு கிடப்பவரை, மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை நெருங்கலாகாது.

தகராறு வந்துவிட்டால் என்ன செய்வது? வழியை மறித்துத் தடுப்பதும் அடிப்பதும், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையின்படி குற்றங்கள். காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்குச் சி.எஸ்.ஆர். ரசீதையோ முதல் தகவல் அறிக்கையின் நகலையோ கேட்டுப் பெறுவது மனுதாரரின் உரிமை; பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லையேல் நீதித்துறை நடுவரை அணுகலாம். ஒரு நீர்ப்பகுதியின் உடைமையைப் பற்றி இரு தரப்பார் மோதும் நிலைமை வந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 164-ஆம் பிரிவு உதவும். நிலம், நீர் என்று அது குறிப்பிடுவதில் மீன்பிடித் தலங்களும் அடங்கும் என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்லியிருப்பதைப் பலர் அறியார். நிர்வாக நடுவர் இரு தரப்பையும் அழைத்து விசாரித்து, யார் அனுபோகத்தில் இருக்கிறார் என்பதைத் தீர்மானிக்கலாம். நீரைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய பூசலுக்கு 166-ஆம் பிரிவு இருக்கிறது. வக்கீல் வைக்கப் பணமில்லை என்று எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழு தகுதியுள்ளோருக்கு இலவச உதவி அளிக்கிறது, அதன் எண் 15100.

ஆற்றில் மீன் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு இன்னொன்று: அரசாங்கத்தின் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில், மரணத்துக்கோ முழு நிரந்தர ஊனத்துக்கோ 5 லட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் உண்டு. கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டுமே அது என்று எண்ணி உள்நாட்டு மீனவர் பலர் பெயர் பதியாமல் இருந்துவிடுகிறார்கள். தம் பெயர் பதிவில் உள்ளதா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் அவர்கள் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். விபத்து நேர்ந்தபின் பார்த்துப் பயனில்லை.

தர்காவின் கந்தூரி விழாக் காலத்தில் வெளியூர் யாத்ரீகர்கள் சில்லடிக் கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் நிறைந்துவிடும் ஊர் நாகூர். அவர்களுள் நீரின் போக்கை அறியாத குழந்தைகளும் இருப்பார்கள் என்பதால், முகத்துவாரத்தில் இறங்கக்கூடாத பகுதிக்கு எல்லைக் கொடியும், படகுப் பாதைக்கு மிதவையும், கரையில் தொங்கவிட்ட கயிறும் மிதவை வளையமும், மதகு திறக்கும் செய்தியைப் பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிகளில் முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடும் வேண்டுமென்று, பட்டினச்சேரிப் பஞ்சாயத்தாரும் தூண்டில்காரர்களும் வீச்சுவலைக்காரர்களும் ஒரே மனுவில் கையொப்பமிட்டு, திங்கட்கிழமைதோறும் நாகப்பட்டினம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில், ஐப்பசி மழை பிறப்பதற்கு முன்னரே நேரில் கொடுத்து, அதற்குரிய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.