வ.உ.சிதம்பரம் பிள்ளையின் கடிதங்கள்

வ.உ.சிதம்பரம் பிள்ளை (5 செப்டம்பர் 1872 – 18 நவம்பர் 1936) தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, கொழும்புக்குக் கப்பல் விட்டவர். வழக்கறிஞர், தொழிலாளர் தலைவர், அரசியல் கைதி, நூலாசிரியர், பழந்தமிழ் நூல்களின் பதிப்பாசிரியர் எனப் பல நிலைகளில் அவர் எழுதிய கடிதங்களும் அவருக்கு வந்த கடிதங்களும் அவருடைய வாழ்க்கையை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளாகும். அவற்றுள் 1915–16ஆம் ஆண்டுகளில் அவருக்கும் காந்திக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து தனியே கவனிக்கத் தக்கது. காந்தி அவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுக்கவில்லை என்று இன்றும் சொல்லப்படும் கதையை அக்கடிதங்களைக் கொண்டு சரிபார்க்க முடிகிறது.

கடிதங்கள் நிலைத்த விதம்

எழுதியவரிடமிருந்து கடிதம் போய்விடுகிறது. அதைக் காப்பதும் கிழிப்பதும் பெற்றவரின் விருப்பம். அமெரிக்கக் கடற்படையின் தொடக்கக்கால அதிகாரிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தனர். அனுப்பும் கடிதங்களை ஒரு பேரேட்டில் நகல் எடுத்துக்கொள்வார்கள். 1803–04இல் திரிப்பொலிப் போரில் கப்பற்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய எட்வர்ட் பிரெபிளின் கடிதங்கள் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. 

வ.உ.சி.க்கு அந்த வசதி இல்லை. அவர் அரசின் எதிரி. சிறைக்குப் போனார், கம்பெனி கலைந்தது, விடுதலைக்குப் பிறகு வீடு மாறிக்கொண்டே இருந்தார். அவருடைய கடிதங்கள் அவரவர் வீட்டுப் பெட்டிகளில் தப்பிக் கிடந்தன. ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி அவற்றைத் தேடித் தொகுத்து 1984இல் 'வ.உ.சி. கடிதங்கள்' என்ற நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 17 என்பதை மாணவர்கள் கவனிக்கலாம்.

கப்பல் கம்பெனியும் சிறையும்

சுதேசி நாவாய்ச் சங்கம் 16 அக்டோபர் 1906இல் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்தது. பிறகு பயணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள். பங்கு சேர்ப்பது, கப்பல் வாங்குவது, வியாபாரிகளின் சரக்கைத் தம் பக்கம் திருப்புவது ஆகிய எல்லாமே ஊர் ஊராகப் போயும் கடிதம் எழுதியும் நடந்தவை.

1908 மார்ச்சில் கோரல் மில் வேலைநிறுத்தத்தை அடுத்து வ.உ.சி. கைது செய்யப்பட்டார். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு குற்றங்களுக்காக 20 ஆண்டு, 20 ஆண்டு எனத் தீவாந்திர தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் இருந்துவிட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தார். சிறைக் கைதி எழுதும் கடிதத்துக்குக் கணக்கு உண்டு. அதிகாரி படித்த பிறகே வெளியே போகும். உள்ளே இருந்தபோது அவர் செய்யுள் எழுதினார், ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கினார். நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அவர் எழுதிய செய்திகளில் சில பாட்டு வடிவில் உள்ளன. அவற்றைச் செய்யுள் என்று மட்டும் பார்த்து ஒதுக்கிவிடக் கூடாது, அவையும் கடிதங்களே.

வெளியே வந்தபோது கம்பெனி இல்லை; 1911இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. மனைவி மக்களோடு சென்னையில் குடியேறினார். திலகர் மாதம் 50 ரூபாய் அனுப்பினார். தென்னாப்பிரிக்கத் தமிழர்களும் உதவினார்கள்.

காந்தியுடன் கடிதப் போக்குவரத்து

தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும். சிறையில் வாடிய கப்பலோட்டிய தமிழருக்காக அவர்கள் பணம் சேர்த்தார்கள். அதில் ஒரு பகுதி காந்தியின் கையில் கொடுக்கப்பட்டது.

1915 ஜனவரியில் காந்தி இந்தியா திரும்பினார். ஏப்ரல் 17 முதல் மே 8 வரை சென்னையில், தம்புச் செட்டித் தெருவில் ஜி.ஏ.நடேசன் வீட்டில் தங்கினார். பெரம்பூரில் இருந்த வ.உ.சி. அவரைப் பார்க்க விரும்பிக் கடிதம் எழுதினார். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வந்தால் சில நிமிடங்கள் ஒதுக்க முடியும் என்று காந்தி பதில் எழுதினார். தாம் பேச வேண்டியது சில நிமிடங்களில் முடியாது, ஆகவே தொந்தரவு கொடுத்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வ.உ.சி. திருப்பி எழுதிவிட்டார். கையில் காசில்லாத நிலையிலும் அந்தக் கடிதத்தில் கெஞ்சல் கிடையாது. பின்னர் காந்தி மறுபடி எழுதி அழைத்தார்.

பணத்தைப் பற்றிய பேச்சை எடுத்தவர் யார் என்பது முக்கியம். எடுத்தவர் காந்தி. சில ஆண்டுகளுக்கு முன் உங்களுக்காக என்னிடம் தந்த பணம் வந்து சேர்ந்ததா என்று அவரே கேட்டார். தமக்கும் வரவில்லை, தம் மனைவிக்கும் வரவில்லை என்றார் வ.உ.சி. நேட்டாலுக்கு எழுதி, எவ்வளவு, யார் கொடுத்தது என்று விசாரிப்பதாகக் காந்தி சொன்னார்.

அதன் பிறகு மாதங்கள் ஓடின. இந்தக் காலத்துக் கடிதங்களே தொகுப்பில் மனத்தைத் தொடுபவை. வ.உ.சி. தம் நிலையை மறைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்க நண்பர்களின் உதவியில்தான் குடும்பம் நடக்கிறது. இப்படி இருக்கையில் எனக்கென்று கொடுத்த பணத்தை வேண்டாம் என்றால் அது எனக்கும் என் குடும்பத்துக்கும் நான் செய்யும் தவறாகும் என்ற கருத்தில் எழுதினார். மொத்தத் தொகை தெரியாவிட்டால் தோராயமாகவாவது சொல்லலாமே, ஒரு பகுதியை இப்போது அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு அனுப்பலாமே என்றும் கேட்டார். காந்தியோ கணக்கு கையில் வராமல் தொகையைச் சொல்லத் தயங்கினார். ஒருவருக்கு வயிற்றுப்பாடு, மற்றவருக்குக் கணக்குச் சுத்தம். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் காத்திருந்தவர் பக்கம் மனம் சாய்கிறது.

1916 தொடக்கத்தில் பணம் வந்தது: 347 ரூபாய் 12 அணா. அதைப் பெற்றுக்கொண்ட செய்தியை வ.உ.சி. தம் நண்பர் ஒருவருக்கு எழுதினார். இந்தக் கதை முழுவதையும் சான்றுகளோடு வேங்கடாசலபதி 2021இல் வெளியிட்ட நூலின் பெயரே 'வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா' என்பதாகும்.

அணாக் கணக்கு தெரியாத மாணவர்களுக்கு: 16 அணா ஒரு ரூபாய்; 12 அணா என்பது முக்கால் ரூபாய். திலகர் அனுப்பிய மாதத் தொகையோடு ஒப்பிட்டால், இது ஏறத்தாழ ஏழு மாதப் பணம். சுதேசிக் கம்பெனியின் பங்கு விலையில் 14 பங்குகூட வராது. 10 லட்சம் மூலதனத்துக்கு ஊர் ஊராக அலைந்தவர், இந்தத் தொகைக்காக ஏறக்குறைய ஓராண்டு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

'காந்தி கணக்கு'

திருப்பித் தராத கடனைக் 'காந்தி கணக்கு' என்பது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கு. தேவாரம், போடி, கம்பம் பக்கத்துச் சந்தைகளிலும் டீக்கடைகளிலும் நாள்தோறும் கேட்கலாம். வ.உ.சி.யின் பணத்தைக் காந்தி கொடுக்காததால் இந்தச் சொல் பிறந்தது என்று சிலர் மேடைகளில் அடித்துப் பேசுகிறார்கள். உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் தொண்டர்கள் சாப்பிட்டதைக் கடைக்காரர்கள் காந்தியின் பெயரில் எழுதிக்கொண்டார்கள் என்று வேறொரு விளக்கமும் உண்டு.

முதல் விளக்கம் நிற்காது. பணம் வந்து சேர்ந்தது என்று பெற்றவரே எழுதியிருக்கிறார். மேலும், இது இருவருக்கும் இடையே நடந்த தனிக் கடிதப் போக்குவரத்து. சந்தைக்கு வந்து பழமொழி ஆகும் அளவுக்கு அன்று ஊருக்குத் தெரிந்த வழக்கு அல்ல. அதற்காகக் காந்தி தாமதிக்கவே இல்லை என்று சொல்லவும் முடியாது. பணம் கொடுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்தே உரியவரிடம் வந்தது என்பதும் அதே கடிதங்களிலிருந்து தெரிவதுதான்.

பிற்காலம்

வ.உ.சி. 1920இல் காங்கிரசை விட்டு விலகினார். இழந்த வழக்கறிஞர் உரிமத்தை மீண்டும் பெற ஈ.எச்.வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி துணைநின்றார். அந்த நன்றியில் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் தொழில் செய்தார். பணக்கஷ்டம் தீரவில்லை. 1936இல் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் எழுதிய உயிலில், தாம் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கடைப் பாக்கி உட்பட வரிசையாகக் குறித்திருக்கிறார்.