முதுகில் 22 கிலோ: முன்னாள் ராணுவத்தினர் ஏன் சுமந்து நடக்கிறார்கள்?

முதுகில் மூட்டையோடு நடக்காமல் ராணுவப் பயிற்சி முடியாது. நம்ம ஊர் ஜவான்கள் அதை ‘பிட்டூ’ என்பார்கள். அமெரிக்காவில், பணி முடிந்து வீடு திரும்பிய முன்னாள் வீரர்களும் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூட்டமாக நடக்கிறார்கள். ‘இர்ரெவரன்ட் வாரியர்ஸ்’ என்ற அமைப்பின் நடை இந்தக் கணக்கில்தான் தொடங்கியது: 22 கிலோ, 22 கிலோமீட்டர்.

ஏன் 22? தினமும் 22 முன்னாள் வீரர்கள் தற்கொலையால் இறப்பதாக அந்நாட்டு அரசின் 2012-ம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. பிந்தைய அறிக்கைகளில் அது சுமார் 17.

சரி, சுமை தூக்கினால் மனசு லேசாகிடுமா? அது மருந்தில்லை. ஆனால் எதிரே உட்காரவைத்துக் கேட்டால் “ஒண்ணுமில்லப்பா” என்பவர், பக்கத்தில் நடப்பவரிடம் மூணாவது கிலோமீட்டரில் தானாகப் பேச ஆரம்பிக்கலாம். அவரும் அதே சுமையைத் தூக்கியவர்தானே!

இந்தியாவில் 5 ஆண்டுகளில் முப்படையினர் 819 பேர் தற்கொலையால் இறந்ததாக 2022-ல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. தரைப்படையில் மட்டும் 642. இது பணியில் இருந்தவர்களின் கணக்கு. நாற்பதை ஒட்டிய வயதில் ஓய்வு பெற்று, குளத்தூர் பக்கம் கரிசல் காட்டுக்குத் திரும்பியவர் இதில் வரமாட்டார். ஊருக்கு அவர் ‘மிலிட்டரிக்காரர்’. பென்ஷன் வருது, மெத்தை வீடு இருக்கு, அவருக்கென்ன குறை என்பார்கள். தூக்கம் வருதா என்று யாரும் கேட்பதில்லை.

நடக்க ஆசையா? எடுத்ததும் 22 கிலோ வேண்டாம், ஐந்து போதும். முதுகுவலி, மூட்டுவலி இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். முக்கியமாக, தனியாகப் போகாமல் பக்கத்துத் தெரு மிலிட்டரிக்காரரையும் கூப்பிடுங்கள்.

பேச ஆளில்லாத ராத்திரியில் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416. 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.