3 ஸ்டார் ஏசியா, 5 ஸ்டார் ஏசியா? வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

ஷோரூமில் இரண்டு ஏசிகள் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. இரண்டுமே ஒன்றரை டன். 5 ஸ்டார் ஏசியின் விலை 8,000 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ‘கரண்ட் மிச்சமாகும் சார், ரெண்டே வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்’ என்கிறார் விற்பனையாளர்.

உண்மையில் திரும்புமா? சிலருக்குத் திரும்பும். சிலருக்கு ஏசியே பழசாகி மாற்றும் வரை திரும்பாது. உங்கள் வீட்டில் அது எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தது.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்டார் எண்ணிக்கைக்குக் கீழே ஆண்டுக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று ஓர் எண் இருக்கும். ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு அது. தினமும் இரவு 8 மணி நேரம் வீதம் 200 நாள் ஓட்டினால் 1,600 மணி நேரம் வந்துவிடும்.

பக்கத்திலேயே ‘ஐ.எஸ்.இ.இ.ஆர்’ என்ற அளவும் இருக்கும். இது எவ்வளவு அதிகமோ, அவ்வளவு குறைவாகக் கரண்ட் இழுக்கும். லேபிள் எந்த ஆண்டுக்கானது என்பதையும் பாருங்கள். விதிகள் அவ்வப்போது கடுமையாகும். 2022 ஜூலையில் அப்படி மாறியபோது, பழைய 5 ஸ்டார் ஏசிகள் பல 4 ஸ்டாருக்கு இறங்கின.

காசு எப்போது திரும்பும்?

3 ஸ்டார் லேபிளில் 1,000 யூனிட், 5 ஸ்டாரில் 760 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 240 யூனிட். யூனிட்டுக்கு 8.40 ரூபாய் கட்டும் வீடு என்றால் ஆண்டுக்கு 2,016 ரூபாய் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த 8,000 ரூபாய் சுமார் 4 ஆண்டில் திரும்பிவிடும். அதற்குப் பிறகு மிச்சமாவதெல்லாம் லாபம்தான்.

இப்போது இன்னொரு வீடு. பகலில் ஆள் ஆபீஸில். கோடையில் 3 மாதம், இரவில் 2 மணி நேரம் மட்டும் ஏசி. மொத்தம் 180 மணி நேரம். மிச்சமாவது வெறும் 27 யூனிட், அதாவது 227 ரூபாய். 8,000 ரூபாய் திரும்ப 35 ஆண்டுகள் ஆகும்! இவருக்கு 3 ஸ்டாரே தாராளம்.

அந்த 501-வது யூனிட்

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 500 யூனிட் வரை ஒரு கணக்கு, தாண்டினால் வேறு கணக்கு. தாண்டியவர்களுக்கு 101 முதல் 200 யூனிட் வரையிலான சலுகை விலை போய்விடும். 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட் என்றால் 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்!

போன கோடையில் உங்கள் ரீடிங் 500-ஐ ஒட்டி இருந்ததா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். எல்லைக்கோட்டில் இருக்கும் வீட்டுக்கு, கொஞ்சம் யூனிட் மிச்சமானாலே பெரிய பலன்.

பெரிய டன் வாங்கினால் நல்லதா?

இல்லை. தேவைக்கு மேல் பெரிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க நேரம் போதாது. சென்னை போன்ற கடலோர ஊரில் குளிரும் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும். அதேநேரம், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைக்குச் சூடு அதிகம். அங்கே சின்ன ஏசி போட்டால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அறையின் அளவு, மாடி, வெயில் விழும் சுவர் மூன்றையும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கிய பிறகு

* 16 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது. மெஷின் தன் முழு வேகத்துக்கு மேல் ஓட முடியாது. ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 24 முதல் 26-க்குள் வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள்.
* ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். ஐந்து நிமிட வேலை, செலவே இல்லை.
* அவுட்டோர் யூனிட்டைச் சுற்றிக் காற்று போக இடம் விடுங்கள். அதன் மேல் பழைய சாமான் அடுக்க வேண்டாம்.
* ‘கேஸ் கம்மியா இருக்கு, ஃபில் பண்ணணும்’ என்று மெக்கானிக் சொன்னால், ‘எங்கே லீக்?’ என்று கேளுங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றும். குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையிலும் அதே செலவுதான்.

அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது இரண்டு விஷயம் கையில் இருக்கட்டும்: போன கோடையின் பில், தினமும் எத்தனை மணி நேரம் ஏசி ஓடும் என்ற கணக்கு. எத்தனை ஸ்டார் என்பதை அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.