வாயிலும் தாழும்

வீடு என்றால் அதற்கு வாயில் உண்டு; வாயில் என்றால் அதற்குக் கதவும் தாழும் உண்டு. வருவோரை வரவேற்பதும், வேண்டாதாரை விலக்குவதும் வீட்டுக்கு உரியவரின் விருப்பமாகும். தாழை நீக்கி வைத்துவிட்டு, “கண்டவரெல்லாம் உள்ளே நுழைகின்றனரே!” என்று வருந்துவதில் பயன் இல்லை. கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்பது பெயர். அவ்வுலாவிக்கும் இத்தகைய வாயில் ஒன்று உண்டு. அதன் வழியே வந்து சேர்வனவே அறிவிப்புகள்.

மாணவன் ஒருவன் மாலைப் பொழுதில் கணிப்பொறியின் முன் அமர்ந்து கணக்குப் பாடம் படிக்கின்றான். திரையின் ஓரத்தில் சிறு கட்டம் ஒன்று தோன்றி, ஏதோ ஒரு செய்தியைக் கூறுகின்றது. அதனை விலக்கிவிட்டுப் படிப்பைத் தொடர்கின்றான். சிறிது நேரத்தில் ஒரு விளையாட்டின் விளம்பரம் வருகின்றது. அதன் பின்னர், “உங்கள் கணிப்பொறியில் நச்சுநிரல் புகுந்துவிட்டது, உடனே இங்கே அழுத்துக” என்று மற்றொரு கட்டம் அச்சுறுத்துகின்றது. மாணவனின் எண்ணம் சிதறுகின்றது. பாதியில் நின்ற கணக்கை அவன் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாகின்றது. இவற்றுக்கெல்லாம் வழி திறந்து விட்டவர் யார்? பெரும்பாலும் அம்மாணவனே! என்றோ ஒரு நாள், இன்னதென்று அறியாமல் அவன் அழுத்திய ஒரு பொத்தானே அதற்குக் காரணம்.

இணையத்தளங்கள் இவ்வாறு அறிவிப்பு அனுப்பும் முறை மிகப் பழையது அன்று. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவியில் 2013ஆம் ஆண்டிலும், கூகுளின் குரோமில் 2015ஆம் ஆண்டிலும், மொசில்லாவின் ஃபயர்பாக்ஸில் 2016ஆம் ஆண்டிலும் இவ்வசதி அமைந்தது. மின்னஞ்சல் வந்ததையும், குறித்து வைத்த வேலைக்கு உரிய நேரம் நெருங்கியதையும் பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திராமலே அறிந்துகொள்ள இஃது உதவுகின்றது. ஆயினும், எந்தத் தளமும் தன் விருப்பம் போல் அறிவிப்பு அனுப்ப இயலாது. முதலில் உரியவரின் இசைவைப் பெறவேண்டும். அதற்காகவே, ‘அனுமதி’, ‘தடு’ என்னும் இரு பொத்தான்களுடன் உலாவி ஒரு வினாவை எழுப்புகின்றது.

‘அனுமதி’ என்பதை அழுத்தியவுடன் நிகழ்வது யாது? உலாவி அத்தளத்திற்கெனத் தனி முகவரி ஒன்றை உண்டாக்கிக் கொடுக்கின்றது. அத்தளம் அம்முகவரிக்குச் செய்தியை அனுப்புகின்றது. உலாவியை உருவாக்கிய நிறுவனத்தின் சேவையகம் அதனைப் பெற்று, உரிய கருவிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றது. ஆதலால், அத்தளத்தின் பக்கத்தை மூடிவிட்டாலும் அறிவிப்புகள் நிற்பதில்லை. திரையில் தோன்றும் கட்டத்தை ஒவ்வொரு முறையும் விலக்குவதும் தீர்வு ஆகாது. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவது ஒன்றே வழி.

இந்த அனுமதியைப் பெறுவதற்குத் தளங்கள் அளவின்றி முயன்றன. 2019ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாளோடு முடிந்த ஒரு மாத காலத்தில், ஃபயர்பாக்ஸ் உலாவியில் மட்டும் இவ்வினா 145 கோடி முறை எழுப்பப்பட்டது என்று மொசில்லா கணக்கிட்டது. மக்கள் இசைந்ததோ ஏறக்குறைய 2 கோடியே 37 லட்சம் முறையே. அஃதாவது, அறுபது பேரைத் தட்டி எழுப்பினால் ஒருவரே கதவைத் திறந்தார் எனலாம். இத்தொல்லையைக் கண்ட அந்நிறுவனம், பயன்படுத்துவோர் பக்கத்தில் எதனையும் அழுத்தாத வரையில் வினா எழாதவாறு 2020ஆம் ஆண்டு ஜனவரியில் தன் உலாவியை மாற்றியது. அடுத்த மாதமே குரோமும் இவ்வினாவை ஆரவாரமின்றிக் காட்டும் முறையைக் கொணர்ந்தது.

நேர்வழியில் பெற இயலாத இசைவைச் சிலர் வஞ்சனையால் பெறுகின்றனர். “நீங்கள் எந்திரம் அல்லர் என்பதை மெய்ப்பிக்க ‘அனுமதி’ என்பதை அழுத்துக” என்று சில பக்கங்கள் கூறும். “படத்தைக் காண அனுமதி தருக” என்று வேறு சில கூறும். மனிதரா எந்திரமா என்று ஆராயும் சோதனைக்கும் அறிவிப்பு அனுமதிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இவ்வாறு இசைவு பெற்ற தளங்களே பின்னர் நச்சுநிரல் என்று அச்சுறுத்துகின்றன. ஓர் இணையத்தளத்தின் அறிவிப்பு, அத்தளம் எழுதி அனுப்பிய சொற்களே அன்றி, கணிப்பொறியை ஆராய்ந்து கண்ட முடிவு அன்று. அறிவிப்பில் காணும் தளத்தின் பெயரை உற்று நோக்கினால் உண்மை விளங்கும். அஞ்சி அதனை அழுத்துவோர் பொய்யான மென்பொருளுக்குப் பணம் செலுத்தி இழப்பதும் உண்டு.

திறந்த கதவை அடைப்பது எளிது. உலாவியின் அமைப்புகளைத் திறந்து, தளங்களுக்குரிய அனுமதிகளில் ‘அறிவிப்புகள்’ என்னும் பகுதிக்குச் செல்லவேண்டும். அனுமதி பெற்ற தளங்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கும். அவற்றுள் வேண்டாதவற்றை நீக்கலாம்; அல்லது தடுக்கலாம். நீக்கினால் அத்தளம் மீண்டும் கேட்கக்கூடும், தடுத்தால் கேளாது. இனி எத்தளமும் வினவவே கூடாது என்று ஆணையிடவும் அங்கே வழி உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில், வந்த அறிவிப்பையே சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் அதனை நிறுத்தும் வழி புலப்படும்.

எல்லா அறிவிப்புகளும் தீயவை அல்ல. உற்ற நண்பன் தட்டும்போதும் கதவை அடைத்திருப்பது அறிவுடைமை ஆகாது. தேவையான இரண்டொரு தளங்களுக்கு மட்டும் இடந்தந்து, ஏனையவற்றை விலக்குதலே முறை. இதனைக் கற்ற மாணவர் தம் வீட்டு முதியோரின் கைப்பேசியையும் ஒருமுறை பார்த்துச் சீர்செய்து தருதல் நன்று. அச்சுறுத்தும் சொற்களை மெய்யென நம்பி ஏமாறுவோருள் முதியோரும் பலர் அன்றோ!

பொருளைக் களவு கொடுத்தவர் மீண்டும் அதனை ஈட்டலாம். சிதறிப்போன மாலைப் பொழுதை ஈட்டித் தருவார் எவரும் இலர். ஆதலின், ‘அனுமதி’ என்னும் பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் எண்ணுதல் வேண்டும். வாயில் நம்முடையது, தாழும் நம் கையிலேயே உள்ளது.